எர்த் போட்டும் ஏன் எரிகிறது? மின்னலுக்கும் சர்ஜுக்கும் வீட்டைத் தயார்ப்படுத்துவது எப்படி

"இடி விழுந்து டிவி போயிடுச்சு" என்கிறோம். விழுவது மின்னல்; இடி அதன் சத்தம் மட்டும்தான். சொல் அப்படியே நின்றுவிட்டது, இடிதாங்கி என்ற பெயரும் அப்படித்தான். அதில் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. நஷ்டம் வருவது 'எர்த்' என்ற சொல்லால். மூன்று தனித்தனி வேலைகளை அந்த ஒரே சொல்லுக்குள் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கேமரா ரெக்கார்டர் இரண்டு முறை எரிந்தது. மூன்றாவது முறை எரியக் கூடாதென்று ரெக்கார்டருக்கென்றே தோட்டத்தில் தனியாக ஓர் எர்த் ராடு அடித்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் ரெக்கார்டரோடு அதில் மாட்டியிருந்த டிவியும் சேர்ந்து போயிற்று. ராடு நல்ல ராடு. மண்ணும் ஈரமான மண். தப்பு எங்கே என்பதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன், முதலில் அடிப்படை வேண்டும்.

எர்த் செய்யும் மூன்று வேலைகள் இவை. ஒன்று, வாஷிங் மெஷின் உடம்பில் கரண்ட் கசிந்தால் தொடுகிறவரைக் காப்பது. இரண்டு, கட்டடத்தின் மேல் நேராக விழும் மின்னலுக்கு மண்ணுக்குள் போக ஒரு வழி கொடுப்பது. மூன்று, கம்பி வழியே ஓடிவரும் சர்ஜ், அதாவது கண நேர மின்னழுத்த எழுச்சி, கருவிகளுக்குள் புகாமல் திருப்பிவிடுவது. முதல் வேலைக்குப் போட்ட எர்த் மற்ற இரண்டையும் தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பதில்தான் பாதிப் பேருக்கு அடி விழுகிறது.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு வார்த்தை. பார்ப்பது, அளப்பது, திட்டமிடுவது, செய்த வேலையைச் சரிபார்ப்பது, இவற்றை நீங்களே செய்யலாம். மெயின் போர்டைத் திறந்து கை வைக்கும் வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் அதற்கு மேல்பக்கக் கம்பிகளில் கரண்ட் இருக்கும். வானம் இருண்டு வரும்போது இந்த வேலை எதையும் தொடாதீர்கள்.

முதல் படி: இருப்பது என்ன என்று பாருங்கள்

மெயின் போர்டுக்கு வரும் இணைப்பில் எர்த் எங்கிருந்து வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில இடங்களில் மின்சாரம் தரும் நிறுவனமே எர்த் இணைப்பையும் சேர்த்துத் தரும். எலக்ட்ரீஷியன்கள் இதை டிஎன் முறை என்பார்கள். வேறு சில இடங்களில் வீட்டுக்காரர்தான் மண்ணில் ராடு அடித்து எர்த்தை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அது டிடி முறை. இது தெரியாமல் எந்தக் கருவியையும் வாங்கக் கூடாது, ஏனென்றால் பின்னால் சர்ஜ் கருவியை மாட்டும் விதமே இதைப் பொறுத்து மாறும்.

அடுத்தது பிளக் பாயின்ட். மூன்று துளை இருந்தால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. துளைக்குப் பின்னால் கம்பியே வராத பாயின்ட்டுகள் ஏராளம். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து மூன்று அளவு எடுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் வருகிறது என்றால், பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறத்தாழ அதே அளவு வரவேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட் இருக்கலாம். அது பத்து, இருபது என்று ஏறினால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது, அல்லது எர்த்தே இல்லை.

ஆனால் மீட்டர் 230 காட்டிவிட்டால் எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் மிகமிகக் குறைவு. ஆயிரம் ஓம் தடையுள்ள துருப்பிடித்த எர்த் வழியாகக்கூட அது 230 காட்டும். எர்த் இல்லை என்பதை மல்டிமீட்டர் சொல்லும். எர்த் நல்லது என்பதைச் சொல்லாது. அதற்கு லூப் டெஸ்டர் என்ற கருவி வேண்டும், எலக்ட்ரீஷியனிடம் இருக்கும். கைப்பிடியில் விளக்கு எரியும் டெஸ்டர் ஸ்க்ரூடிரைவரை இந்த வேலைக்கு நம்பவே நம்பாதீர்கள்.

இரண்டாம் படி: ஆளைக் காக்கும் கருவி

ஒரு சின்னக் கணக்கு போடலாம். 3 மீட்டர் நீளமும் 16 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள ஒரு ராடைச் சாதாரண மண்ணில் முழுவதும் இறக்கினால் அதன் தடை சுமார் 33 ஓம் வரும். மண்ணின் மின்தடை எண், அதாவது மண் கரண்ட்டை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு, 100 ஓம்-மீட்டர் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. இப்போது ஹீட்டரில் பேஸ் கம்பி உடம்பைத் தொட்டுவிட்டது. டிடி முறை வீடு. எர்த் வழியாக ஓடும் கரண்ட் 230-ஐ 33-ஆல் வகுத்தால் வருவது, சுமார் 7 ஆம்பியர். கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்சுதான் எம்சிபி. 16 ஆம்பியர் எம்சிபி இதைக் கண்டுகொள்ளவே செய்யாது. அது பாட்டுக்கு ஆனில் இருக்கும், ஹீட்டரின் உடம்பு கரண்ட்டோடு காத்திருக்கும்.

'எர்த் இருக்கிறது, ஷாக் அடிக்காது' என்று நம்பியிருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு அதிர்ச்சியாக இருக்கும். டிடி முறையில் ஆளைக் காப்பது எர்த்தும் ஆர்சிசிபியும் சேர்ந்துதான். போகும் கரண்ட்டும் திரும்பும் கரண்ட்டும் சமமாக இருக்கிறதா என்று ஆர்சிசிபி பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே துண்டித்துவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் வகைதான் வேண்டும். 100, 300 என்று எழுதியிருப்பவை தீவிபத்துத் தடுப்புக்கானவை, உயிரைக் காக்கப் போதாது. அதன் மேல் 'டி' என்று ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் விழ வேண்டும். விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள். பல வீடுகளில் அந்தப் பொத்தானை மாட்டிய நாளிலிருந்து யாரும் தொட்டதே இல்லை.

மூன்றாம் படி: மண்ணுக்குள் ராடு

ராடின் தடையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மண்தான், ராடின் பருமன் அல்ல. ஈரக் களிமண்ணில் மின்தடை எண் சில பத்து ஓம்-மீட்டர் இருக்கும். காய்ந்த மணலில் ஆயிரத்தைத் தாண்டும். பாறையில் இன்னும் மோசம். ராடைத் தடிமனாக்கினால் கிடைக்கும் லாபம் அற்பம். நீளமாக்கினால் நல்ல பலன் உண்டு, ஏனென்றால் ஆழத்தில் ஈரம் வறண்டுபோகாது. நீளமாக்க முடியாத இடத்தில் இரண்டாவது ராடு அடியுங்கள். ஆனால் இரண்டுக்கும் இடையே குறைந்தது ஒரு ராடு நீளம், முடிந்தால் அதில் இரண்டு மடங்கு, இடைவெளி வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் அடித்தால் இரண்டும் ஒரே மண்ணைப் பங்குபோட்டுக்கொள்ளும், தடை பெரிதாகக் குறையாது. சரியான இடைவெளியில் அடித்தாலும் தடை பாதியாகாது, பாதியைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நிற்கும்.

உப்பும் கரியும் கொட்டுவது பழைய வழக்கம். உப்பு தடையைக் குறைக்கும் என்பது உண்மைதான். கூடவே ராடையும் தின்னும், மழையில் கரைந்தும் போகும். பிறகு மறுபடி உப்பு, மறுபடி அரிப்பு. பெண்டோனைட் களிமண் அல்லது அதற்கென்றே செய்த எர்த் கலவை நல்லது. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உலோகத்தை அரிக்காது.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று கையிலேயே இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் வெடிகுண்டுக் கிடங்குகளுக்கு எர்த் போட வேண்டியிருந்தது. அந்த வறண்ட மண்ணில் ராடு அடித்துப் பிரயோசனம் இல்லை. ஹெர்பர்ட் யூஃபர் என்ற பொறியாளர், அஸ்திவாரக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளையே எர்த்தாகப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். மண்ணோடு ஒட்டியிருக்கும் கான்கிரீட் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பரப்பும் பெரிது. அஸ்திவாரம் போடும்போதே கம்பிக்கூட்டிலிருந்து ஓர் இணைப்பை வெளியே எடுத்து விட்டால் போதும். கான்கிரீட் போட்ட பிறகு நினைத்துப் பார்த்துப் பயனில்லை. எனவே வீடு கட்டப் போகும் யாரையாவது தெரிந்தால் இந்த ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுங்கள்.

இணைப்புகளைப் பற்றி இரண்டே விஷயம். மண்ணுக்குள் அலுமினியம் கூடாது, சீக்கிரம் அரித்துவிடும். செம்புக் கம்பியை நாகப்பூச்சு இரும்போடு நேரடியாக முறுக்கி விடாதீர்கள், ஈரத்தில் இரும்பின் பூச்சு கரைந்து இணைப்பு விட்டுப்போகும். இரண்டுக்கும் பொருந்தும் கிளாம்ப் கிடைக்கிறது.

அளப்பதற்கு எர்த் டெஸ்டர். ராடிலிருந்து ஒரே நேர்க்கோட்டில் இரண்டு துணை முளைகளை அடித்து அளப்பார்கள். தொலைவில் உள்ள முளையின் தூரத்தில் சுமார் 62 சதவீதத்தில் நடு முளை இருக்க வேண்டும். நடு முளையை முன்னும் பின்னும் கொஞ்சம் நகர்த்தி மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளவு பெரிதாக மாறாவிட்டால்தான் அந்த எண்ணை நம்பலாம். அளப்பதற்கு நல்ல நேரம் கோடை. மழை நின்ற மறுநாள் அளந்தால் எல்லா எர்த்தும் நல்ல எர்த்தாகத்தான் தெரியும்.

நான்காம் படி: எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கட்டுங்கள்

இந்தக் கட்டுரையை எழுதியதே இந்தப் படிக்காகத்தான்.

ஒரு சராசரி மின்னலின் உச்சக் கரண்ட் சுமார் 30 கிலோ ஆம்பியர், அதாவது 30,000 ஆம்பியர். உங்கள் எர்த் அருமையான எர்த், 10 ஓம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கிப் பாருங்கள்: 3 லட்சம் வோல்ட். பெரும்பாடுபட்டு ஒரே ஓமுக்குக் கொண்டுவந்தாலும் 30,000 வோல்ட். அந்தக் கண நேரத்தில் உங்கள் எர்த் ராடு, அதைச் சுற்றிய மண், வீட்டின் எர்த் கம்பிகள் எல்லாமே அந்த உயரத்துக்கு ஏறி நிற்கும். 'எர்த் என்றால் சைபர் வோல்ட்' என்று படித்ததெல்லாம் அந்தக் கணத்தில் செல்லாது.

அப்படியானால் எதுதான் காக்கும்? மின்கம்பியில் உட்காரும் காகத்துக்கு ஒன்றும் ஆவதில்லை அல்லவா, அதே சங்கதிதான். அதன் இரண்டு காலும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கின்றன. வீடு முழுவதும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் கருவிகளுக்கு அது தெரியவே தெரியாது. கேடு வருவது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நிற்கும் கருவிக்குத்தான்.

இப்போது அந்த ரெக்கார்டருக்கு வருவோம். அதன் ஒரு கால், வீட்டு மின்னிணைப்பின் எர்த். இன்னொரு கால், தோட்டத்தில் தனியாக அடித்த ராடு. பக்கத்தில் எங்கோ மின்னல் விழுந்தபோது இரண்டு ராடுகளும் வேறு வேறு உயரத்துக்கு ஏறின. இடையிலிருந்த ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசத்துக்குக் கிடைத்த ஒரே பாலம் ரெக்கார்டர். காசு செலவழித்து வீட்டுக்குள்ளேயே மின்னலுக்கு ஒரு வழி வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ராடைத் தடிமனான செம்புக் கம்பியால் வீட்டின் முக்கிய எர்த்தோடு இணைத்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். கருவிக்கென்று தனி எர்த், சுத்தமான எர்த், கம்ப்யூட்டர் எர்த் என்றெல்லாம் யாராவது விற்க வந்தால், 'அது முக்கிய எர்த்தோடு சேருமா?' என்று கேளுங்கள். சேராது என்றால் வேண்டாம்.

மண்ணின் மேல் நிற்கிற உயிர்களுக்கும் இதே ஆபத்துதான். 2016 ஆகஸ்டில் நார்வேயின் ஹார்டாங்கர்விட்டா பீடபூமியில் ஒரே மின்னல் நிகழ்வில் 323 கலைமான்கள் இறந்தன. மின்னல் ஒவ்வொன்றின் மேலும் விழவில்லை. மண்ணில் பரவிய மின்னழுத்தம் முன்கால் நின்ற இடத்தில் ஓர் அளவு, பின்கால் நின்ற இடத்தில் வேறோர் அளவு. அந்த வித்தியாசம் உடம்பு வழியே பாய்ந்தது. மின்னல் நேரத்தில் திறந்த வெளியில் அகப்பட்டுக்கொண்டால் கால்களைச் சேர்த்து வைத்துக் குந்தச் சொல்வது இதனால்தான்.

சரி, வேலைக்கு வருவோம். மெயின் போர்டுக்கு அருகில் ஒரு செம்புப் பட்டை, முக்கிய எர்த் பஸ்பார், பொருத்துங்கள். அதில் வந்து சேர வேண்டியவை: எர்த் ராடுகள் அனைத்தும், அஸ்திவாரக் கம்பியிலிருந்து வரும் இணைப்பு, மெயின் போர்டின் எர்த், வீட்டுக்குள் நுழையும் உலோகத் தண்ணீர்க் குழாயும் எரிவாயுக் குழாயும், ஆன்டெனா கம்பம், சோலார் பலகைகளின் சட்டம், இடிதாங்கி இருந்தால் அதன் எர்த். எரிவாயுக் குழாயை இணைக்கலாம், ஆனால் அதையே எர்த்தாகப் பயன்படுத்தக் கூடாது. இரண்டும் வேறு வேறு.

கம்பிகள் குட்டையாகவும் நேராகவும் போகட்டும். அழகுக்காகச் சுருட்டி வைக்காதீர்கள், கூர்மையாக மடக்காதீர்கள். மின்னலின் வேகத்துக்கு ஒரு கம்பியின் ஓம் தடை பெரிய விஷயம் இல்லை. அதன் தூண்டல், அதாவது கரண்ட் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் குணம்தான் முட்டுக்கட்டை. ஒவ்வொரு மீட்டர் கம்பிக்கும் சுமார் 1 மைக்ரோ ஹென்றி. இந்த எண்ணை நினைவில் வையுங்கள், அடுத்த படியில் தேவைப்படும்.

ஐந்தாம் படி: சர்ஜ் கருவி

நேரடியாகக் கூரையில் விழும் மின்னல் அரிது. பக்கத்துத் தெருவிலோ மின்கம்பத்திலோ விழுவது, அல்லது சில நூறு மீட்டர் தள்ளி விழுந்து காந்தப் புலத்தால் கம்பிகளில் மின்னழுத்தத்தைத் தூண்டுவது, இவைதான் பெரும்பாலும் கருவிகளைக் கொல்கின்றன. பெரிய மோட்டார்கள் ஆன் ஆஃப் ஆவதாலும் சின்னச் சின்ன சர்ஜ் வரும்.

சர்ஜ் கருவியை எஸ்பிடி என்பார்கள். அதன் உள்ளே இருப்பது பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடு வில்லை. சாதாரண மின்னழுத்தத்தில் கல் மாதிரி இருக்கும், அளவு மீறினால் சட்டென்று கடத்தியாகி சர்ஜை எர்த் பக்கம் திருப்பும், உடனே பழையபடி ஆகிவிடும். மூன்று வகைகள் உண்டு. வகை 1, இடிதாங்கி உள்ள கட்டடத்துக்கு, நேரடி மின்னல் கரண்ட்டின் ஒரு பங்கைத் தாங்க. வகை 2, சாதாரண வீட்டின் மெயின் போர்டுக்கு. வகை 3, கருவிக்குப் பக்கத்தில் வைக்க. வகை 3-ஐ மட்டும் தனியாக வாங்கி வைத்து மெயினில் ஒன்றும் இல்லாமல் இருப்பது, வாசலைத் திறந்து போட்டுவிட்டுப் பீரோவைப் பூட்டுகிற மாதிரி. மெயின் போர்டிலிருந்து பத்து மீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் விலையுயர்ந்த கருவிக்கு, வகை 2 இருக்கும்போது, வகை 3-ம் சேர்த்தால் நல்லது.

வாங்கும்போது அட்டையில் இரண்டு எண்களைப் பாருங்கள். யூசி என்பது கருவி தொடர்ந்து தாங்கக்கூடிய மின்னழுத்தம். 230 வோல்ட் இணைப்புக்கு 275 வழக்கம், மின்னழுத்தம் அடிக்கடி ஏறும் இடமென்றால் 320. யூபி என்பது சர்ஜ் வரும்போது கருவி எவ்வளவு மின்னழுத்தத்தைக் கடக்க விடுகிறது என்பது. குறைவாக இருப்பது நல்லது, 1.5 கிலோவோல்ட் அல்லது அதற்குக் கீழே தேடுங்கள். வீட்டுக் கருவிகள் பொதுவாக 2.5 கிலோவோல்ட் வரை தாங்கும்படி வடிவமைக்கப்படுகின்றன.

நல்ல கருவியை வாங்கி வந்து அதைப் பொருத்தும் விதத்தில் கெடுத்துவிடுவதும் நடக்கிறது. போர்டில் இடமில்லை என்று எஸ்பிடியை ஓரமாக மாட்டி, நீளக் கம்பி இழுத்து இணைப்பார்கள். கணக்குப் பாருங்கள். 8 மைக்ரோ வினாடியில் 10 கிலோ ஆம்பியருக்கு ஏறும் சர்ஜ் என்றால், ஒவ்வொரு மீட்டர் கம்பியிலும் சுமார் 1250 வோல்ட் சேரும். 1.5 கிலோவோல்ட் கருவியோடு ஒரு மீட்டர் கம்பி சேர்ந்தால் உங்கள் டிவி பார்ப்பது 2750 வோல்ட். எல்லை தாண்டிவிட்டது. பேஸ் பக்கக் கம்பியும் எர்த் பக்கக் கம்பியும் சேர்த்து மொத்தம் அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது இதனால்தான். எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டுப் போகும் முன் நீங்களே ஒரு நூலால் அளந்து பாருங்கள். என்னைக் கேட்டால், எஸ்பிடியின் பிராண்டைவிட இந்த அரை மீட்டர்தான் முக்கியம்.

டிடி முறை வீட்டில் எஸ்பிடி 1+1 வகையாக இருக்க வேண்டும், மூன்று பேஸ் என்றால் 3+1. அதாவது பேஸிலிருந்து நியூட்ரலுக்கு வில்லை, நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு கேஸ் டிஸ்சார்ஜ் டியூப் என்ற வாயு அடைத்த சிறு குழல். பேஸிலிருந்து நேரே எர்த்துக்கு வில்லை போட்டால், வில்லை பழுதாகும்போது எர்த் முழுவதும் கரண்ட் ஏறும் அபாயம் உண்டு. எஸ்பிடி ஆர்சிசிபிக்கு முன்னால், அதாவது மெயின் பக்கம், இருக்கட்டும். பின்னால் இருந்தால் ஒவ்வொரு மின்னலுக்கும் ஆர்சிசிபி வீணாக விழும். அப்புறம், எஸ்பிடிக்கு முன்னால் தயாரிப்பாளர் சொன்ன அளவில் ஃபியூஸோ எம்சிபியோ வேண்டும்.

வில்லை நிரந்தரம் அல்ல. ஒவ்வொரு சர்ஜுக்கும் கொஞ்சம் தேயும். முகப்பில் உள்ள சிறு சன்னல் பச்சையாக இருக்கும்வரை உயிரோடு இருக்கிறது. சிவப்பானால் உள்ளே இருக்கும் மாட்யூலை மாற்ற வேண்டும். சிவப்பான பிறகும் வீட்டில் விளக்கு எரியும், ஃபேன் ஓடும், எல்லாம் சாதாரணமாகத்தான் தெரியும். அதனால் யாரும் கவனிப்பதில்லை.

எஸ்பிடியால் முடியாததையும் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று பேஸ் இணைப்பில் நியூட்ரல் அறுந்தால் 230 வரவேண்டிய பாயின்ட்டில் 400 வோல்ட்டை நெருங்கி வரலாம், அதுவும் நிமிடக்கணக்கில். எஸ்பிடி மைக்ரோ வினாடிகளுக்கான ஆள். இந்த நீண்ட ஏற்றத்தில் அதுவே சூடாகி இறந்துவிடும். இதற்கு ஓவர் வோல்டேஜ் ரிலே என்ற வேறு கருவி வேண்டும். அதேபோல ஸ்டெபிலைசர் மெதுவான ஏற்ற இறக்கத்துக்கானது. மின்னல் வந்து போன பிறகுதான் அது திரும்பியே பார்க்கும்.

ஆறாம் படி: மின்கம்பி அல்லாத கம்பிகள்

மெயினில் எஸ்பிடி போட்ட வீட்டிலும் மோடம் எரிவதைப் பார்க்கலாம். சர்ஜ் இன்டர்நெட் கம்பி வழியே வந்திருக்கும். வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் ஒவ்வோர் உலோகக் கம்பியும் ஒரு வாசல். ஒரு தாளில் எண்ணிப் பாருங்கள்: மின்சாரம், தொலைபேசி அல்லது கேபிள், டிஷ் ஆன்டெனா, வெளிக் கேமரா, வாசல் மணி, போர் மோட்டார், சோலார். எல்லாமே மெயின் போர்டு இருக்கும் பக்கமாக நுழைந்து, அங்கேயே அந்தந்தக் கம்பிக்கான சர்ஜ் கருவி வழியாக, அதே பஸ்பாரில் எர்த் ஆவது நல்லது. மின்சாரம் கிழக்குச் சுவரிலும் இன்டர்நெட் மேற்குச் சுவரிலும் நுழைந்து நடுவில் மோடத்தில் சந்தித்தால், அது வீடளவு பெரிய வளையம். மின்னலின் காந்தப் புலம் விரும்புவது அதைத்தான்.

இரண்டு கட்டடங்களுக்கு இடையே நெட்வொர்க் வேண்டுமென்றால் செம்புக் கம்பியை விட்டுவிடுங்கள். உலோகம் கலக்காத ஆப்டிகல் ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். சோலாருக்கு டிசிக்கென்றே செய்த எஸ்பிடி வேண்டும். ஏசி எஸ்பிடியை அங்கே மாட்டினால், பழுதாகும் நேரத்தில் பொறி அணையாமல் தீப்பிடிக்கலாம். பலகைகளுக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே கம்பி பத்து மீட்டரைத் தாண்டினால் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று.

இடிதாங்கி எல்லோருக்கும் வேண்டுமா?

வேண்டியதில்லை. சுற்றிலும் உயரமான கட்டடங்கள் இருக்கும் சின்ன வீட்டுக்குப் பெரும்பாலும் எஸ்பிடியும் ஒழுங்கான இணைப்புகளும் போதும். மேட்டில் தனியாக நிற்கும் வீடு, உயரமான கட்டடம், ஆட்கள் கூடும் இடம், எளிதில் தீப்பற்றும் பொருள் வைத்திருக்கும் இடம், இவற்றுக்கு வேண்டும். ஐஇசி 62305 என்ற சர்வதேச நெறியில் எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு ஆபத்து என்று கணக்கிடும் முறை இருக்கிறது. ஒரு பெரிய பந்தைக் கட்டடத்தின் மேல் உருட்டுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பந்து தொடும் இடமெல்லாம் மின்னல் விழக்கூடிய இடம். தேவைப்படும் பாதுகாப்புக்கு ஏற்ப அந்தப் பந்தின் ஆரம் 20 முதல் 60 மீட்டர் வரை. கூரையிலிருந்து இறங்கும் கம்பிகள் குறைந்தது இரண்டு, கட்டடத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில். ஒன்றே ஒன்று போட்டுத் தரும் ஒப்பந்தக்காரரை அனுப்பிவிடலாம். இது நீங்களே செய்யும் வேலையும் அல்ல.

இடிதாங்கியை உலகுக்குச் சொன்ன பெஞ்சமின் பிராங்க்ளின் காலத்திலேயே அதன் ஆபத்தும் தெரிந்துவிட்டது. 1753-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் கியோர்க் ரிச்மான் என்ற இயற்பியலாளர், மின்னலை அளக்கக் கூரையிலிருந்து ஒரு கம்பியை அறைக்குள் கொண்டுவந்தார். அது மண்ணோடு இணைக்கப்படவில்லை. கருவியை நெருங்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மின்னல் தாக்கி இறந்தார். எர்த்தோடு இணைப்பு அறுந்து தொங்கும் இடிதாங்கியைக் கூரையில் வைத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இடிதாங்கியே இல்லாத வீடு அதைவிடப் பாதுகாப்பானது.

'மின்னலை முன்கூட்டியே இழுக்கும்' விசேஷ முனைகள் என்று சொல்லி அதிக விலைக்கு விற்கப்படுபவை உண்டு. ஐஇசி நெறி அவற்றுக்குத் தனிச் சலுகை எதுவும் தருவதில்லை. அந்தப் பணத்தில் இன்னும் இரண்டு இறங்கு கம்பி போடலாம்.

மாட்டிய பிறகு

வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் தொடங்கும் முன், அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஆர்சிசிபி பொத்தானை அழுத்துங்கள். எஸ்பிடி சன்னலின் நிறத்தைப் பாருங்கள். எர்த் கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா, துரு ஏறியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். எர்த் தடையை அளக்கச் சொல்லி, தேதியோடு போர்டின் கதவு உட்புறத்தில் எழுதி ஒட்டுங்கள். ஒரு தனி எண் அதிகம் சொல்லாது. 8, 9, 9, 21 என்று நான்கு வருட எண்கள் இருந்தால் ஏதோ அறுந்துவிட்டது என்று பார்த்தவுடன் தெரியும்.

இத்தனையும் செய்த பிறகும், ஊருக்குப் போகும்போதும் பெரிய மழை வரும் என்று தெரிந்தபோதும் பிளக்கைப் பிடுங்கி வைப்பதுபோல ஒரு பாதுகாப்பு இல்லை. ஆன்டெனா கம்பியையும் இன்டர்நெட் கம்பியையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும், மின்சார பிளக்கை மட்டும் அல்ல. மின்னல் தொடங்கிய பிறகு ஓடிப்போய்ப் பிடுங்காதீர்கள், அந்த நேரத்தில் கம்பியில் கை வைப்பதே ஆபத்து. மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் இடையே எண்ணுங்கள்: 3 வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் தூரம். 30 வினாடிக்குள் சத்தம் கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து மறுபடி மாட்டிக்கொள்ளலாம்.